வைக்கோல் கன்று

ஜில்லா போர்டு கொடுத்த பொலிகாளையை உத்தமபாளையத்தில் நான்தான் பராமரித்தேன். மூன்று முறை விட்டும் தன் பசு சினை பிடிக்கவில்லை, காளைதான் மலடு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் ராக்கையா. என்னதான் கோளாறு என்று பார்க்க அவருடைய தொழுவத்துக்கே போனேன்.

கணுக்கால் புதையும் சாணிச் சேற்றில் எலும்பு துருத்த நின்றது பசு. ஒரு சொட்டு விடாமல் கறந்ததில் செத்துப்போன கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்து அதன் முன்னால் நிறுத்தியிருந்தார். புழு நெளிந்த அந்தத் தோலைப் பசு நக்கிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையில் எச்சிலைத் துப்பி, புண்ணான காம்பை இழுத்துக் கறந்தார். பாலில் சீழ் திரிதிரியாக மிதந்தது.

"ஒரு செம்பு குடிச்சிட்டுப் போப்பா. பருவத்துக்கு வந்ததும் மாட்டை மறுபடி பத்திட்டு வாரேன்."

நீட்டிய செம்பைக் கையால் விலக்கினேன்.

"கன்னு இல்லாமலே கறக்கத் தெரியுதில்ல அண்ணே. காளை இல்லாமலே சினையாக்கிக்கிருங்க."