பன்றியின் காதுக்குப் பிறகு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. அமெரிக்காவில், டெவ்லின் கவுண்டி என்ற மாவட்டத்தின் ஆவண அறையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். யாரோ இருவரின் வேலித் தகராறுக்காக 1909-ஆம் வருடப் பதிவேட்டைப் புரட்டினேன். அதில் ஸெல்மா ஸ்ட்ரௌட் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

2.
முதல் தொடக்கம்: 'அன்று வானளாவிய செந்தீ நாக்குகள்...' (வேண்டாம். இந்த வட்டாரத்தில் ஒருமுறையாவது எரியாத நீதிமன்றம் எது?)

இரண்டாவது: நீதிமன்றக் கட்டடம் எரிந்தது. நிலப் பத்திரம், கல்யாணப் பதிவு, யாருடைய பன்றி என்று தெரியக் காதில் வெட்டும் அடையாளம், எல்லாம் சாம்பல். மறுபடி வந்து சத்தியம் செய்து எழுதிக்கொள்ளுங்கள் என்று குமாஸ்தா எவரெட் ப்ரூயிட் அறிவித்தார். இதுவே இருக்கட்டும்.

3.
ஸெல்மாவின் கணவர் ஆர்வில் முதல் நாளே வந்து நிலத்தை எழுதினார். இரண்டாம் நாள் பன்றிகளை. கல்யாணத்தை எழுத மனைவியோடு வந்தது பத்தொன்பதாம் நாள்.

"இவர் உங்க வீட்டுக்காரர்தானேம்மா? சத்தியம் பண்ணுங்க" என்றார் குமாஸ்தா.

"இருங்க. பன்னிக் காதை என்னிக்கு எழுதினார்?"

"ரெண்டாம் நாள்."

"ஓ! பன்னிக்கு ரெண்டாம் நாள், எனக்குப் பத்தொம்பதாம் நாளா?"

ஆர்வில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நெலம் கைவிட்டுப் போயிரும், பன்னி ஓடிப் போயிரும். நீ எங்க போயிடப் போற, ஸெல்மா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஸெல்மா மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

[பேச்செல்லாம் என் கைச்சரக்கு. ஏட்டில் இருப்பது தேதிகளும், 'மனைவி சத்தியம் செய்ய மறுத்து மூன்று பிள்ளைகளுடன் தங்கை வீடு சென்றார்' என்பதும்தான்.]

4.
முதலில் ஆர்விலைக் குடிகாரனாக்கினேன். பக்கத்து மேசை டார்லீன் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள்.

"குடிச்சான்னு ஏட்டுல எங்க எழுதியிருக்கு? நெலம் போனா அவளும் புள்ளைங்களும் எங்க நிப்பாங்க? அதான் முதல்ல ஓடினான்."

"அதை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"என் வீட்டுக்காரர் நாப்பது வருஷமா சொல்லல. நான் என்ன ஓடிட்டேனா?" கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு தடவை பொட்டி கட்டினேன்."

குடிகாரனைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

5.
முடிவு ஒன்று: ஸெல்மா ஒமாஹா நகரத்துக்கு ரயிலேறி, தையல் கடை வைத்து... (அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: ஆர்வில் பன்றிப் பதிவைக் கிழித்து... (பக்கம் கிழியவில்லை. பார்த்துவிட்டேன்.)

ஏடு சொல்வது வேறு. இருபதாம் நாள்: 'ஆர்வில் ஸ்ட்ரௌட் வந்தார். தனியாக.' இருபத்தொன்று: 'வந்தார். தனியாக.' இப்படியே இருபத்தாறு வரை. அறுவடைக் காலத்தில், ஒன்பது மைல் தள்ளியிருந்து, எழுத எதுவும் இல்லாமல் ஒரு மனிதர் தினமும் வந்திருக்கிறார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இருபத்தேழாம் நாள்: 'ஆர்வில் வந்தார். மனைவி வெளியே தங்கையின் வண்டியில். இறங்கவில்லை.'

அதோடு ஏடு தீர்ந்தது. அடுத்த ஏடு அலமாரியில்தான் இருக்கிறது. டார்லீன் பார்த்துவிட்டுச் சொல்ல வந்தாள், காதைப் பொத்திக்கொண்டேன்.

6.
ஆர்விலுக்கு இப்போது ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். பதினொரு தடவை எழுதிப் பார்த்தேன், ஒன்றுக்கும் ஸெல்மா இறங்க மாட்டாள். உங்களில் கல்யாணமானவர்கள் இருப்பீர்கள். அவர் வண்டியை நோக்கி நடக்கிறார், இன்னும் பத்தடி. சீக்கிரம் சொல்லுங்கள்.