சுருளுக்கு ஒரு பொட்டு

கோவிந்தம்மாவுக்கு எடை பார்க்கத் தராசு தேவையில்லை. பழவேற்காடு மார்க்கெட்டில் இருபத்தாறு வருடமாக இறாலும் நண்டும் கூறு போட்டு விற்கிறவள். கையில் தூக்கினால் போதும், ஐம்பது கிராம் முன்னே பின்னே சொல்லிவிடுவாள். அதனால் புருஷன் வரதன் சாப்பிட்டேன் என்று நகர்த்தி வைத்த தட்டைத் தூக்கிய உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போட்ட சோற்றில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. மடவை மீன் துண்டை அவன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னாயா, மீன் கெட்டுப்போச்சா?”

“நல்லாத்தான் கீது. பசி இல்லமே.”

மடவை மீனுக்கு எதிரில் உட்கார்ந்து வரதன் பசி இல்லை என்பது, வாங்க வந்தவன் அவள் முதலில் சொன்ன விலைக்கே கொடு என்று கேட்பது மாதிரி. மனதில் வேறு ஏதோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம். முந்தாநாள் வெயில் என்றான், நேற்று மருந்துச் சூடு என்றான். இன்றைக்கு வெறும் பசி இல்லை. சாக்குச் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டதா?

காரணம் இடது கை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஏரியில் வலையைப் பிரிக்கும்போது கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறியது. முள் குத்துவது குப்பத்தில் யாருக்கும் புதிதில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். வரதனும் நாலு நாள் அப்படித்தான் பார்த்தான். ஐந்தாம் நாள் கை பலாப்பழமாக வீங்கி, பொன்னேரி ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்து, மணிக்கட்டுக்கு மேல் வரைக்கும் கட்டி அனுப்பினார்கள். தண்ணீர் ஒரு சொட்டுப் படக்கூடாது, நன்றாகச் சாப்பிட வேண்டும், புண் ஆறாவிட்டால் சுண்டுவிரலை எடுக்கவேண்டி வரலாம் என்று நர்சம்மா மிரட்டாமல் சாதாரணமாகச் சொன்னார். மிரட்டியிருந்தால் கோவிந்தம்மா பதிலுக்குப் பேசியிருப்பாள். சாதாரணமாகச் சொன்னதால் வாயடைத்துப் போனாள்.

கை என்றால் வலது கைதான் என்று பேர். இடது கையின் அருமை, அது கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மறுநாள் காலையில்தான் தெரிந்தது. சோறு அள்ளுகிற கையால் கால் கழுவ மாட்டான் வரதன். கழுவேன் என்று சொல்ல அவளுக்கும் நாக்கு வரவில்லை. முதல் வாரம் அவள்தான் கழுவிவிட்டாள். அவளுக்கு அதில் ஒன்றுமில்லை. பிள்ளை வளர்த்தவள், மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். ஆனால் வரதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் நாள் முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பது பேர் எதிரே நின்று ஏரியில் ‘பாடு’ என்கிற வலை போடும் முறைக்காகச் சண்டை போட்டு, தன் பாட்டை வாங்கிக்கொண்டு வந்த மனுஷன், தன் வீட்டுக் கக்கூஸ் கதவுக்குப் பின்னால் குரல் அடங்கிப் போனான்.

மகள் கலைவாணி காட்டுப்பள்ளியில் துறைமுகக் கம்பெனி ஆபீசில் வேலை செய்கிறாள், அங்கேயே ஹாஸ்டலில் தங்கல். போனில் யோசனை சொன்னாள். பீச்சுகிற குழாய் ஒன்று மாட்டினால் போதுமாம். அதற்கு மேலே தொட்டி வேண்டும், தொட்டிக்கு மோட்டார் வேண்டும். இங்கே இருப்பது அடிபம்பும் வாளியும். அடுத்த யோசனை, டாய்லெட் பேப்பர்.

பறவை பார்க்க வரும் பட்டணத்து ஆட்களுக்காகப் படகுத்துறையில் தொப்பி, தண்ணீர் பாட்டில், குளிர்கண்ணாடி எல்லாம் விற்கும் ஜான் கடையில் அது கிடைத்தது. மல்லிப்பூ வாசத்தோடு வெள்ளை வெளேரென்று ஒரு உருளை. முதல் நாள் வரதன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தானே வேலையை முடித்து, தானே தாழ்ப்பாள் திறந்து வெளியே வந்தான். வந்தவன் ரெண்டாவது டீ கேட்டான். கோவிந்தம்மா பால் அதிகமாக ஊற்றிக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய் மூக்கைச் சிந்தினாள்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம். எந்தச் சாமானையும் ரெண்டாவது தடவை அதே விலைக்கு வாங்க மாட்டாள். அந்த வெள்ளை உருளை மெல்லிசு, நாலு நாளில் கரைந்தது, வாசம் வேறு வரதனுக்கு அரிப்பைக் கொடுத்தது. இதையெல்லாம் ஜான் எதிரில் வரிசையாக எடுத்து வைத்தாள்.

“அக்கா, நீ மீனு வாங்க வரல. டாய்லெட் பேப்பர் வாங்க வந்துகீற. இதுக்கெல்லாம் பேரம் கிடையாது.”

“உன் கடையில பேரம் கிடையாதுன்னா, நாளைக்கு என் கூடைகிட்ட வராத.”

ஜான் நண்டுப் பிரியன். பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளேயிருந்து வேறொரு கட்டை எடுத்துப் போட்டான். ஆறு உருளை. சாயம் போன வேட்டி மாதிரிப் பழுப்பு. தடிமனாக இருந்தது, வாசம் இல்லை.

“இது மறுசுழற்சிக்கா. பறவைக்காரங்க இத்தத்தான் கேக்கறாங்க. இதுக்கு மரம் வெட்றதில்ல, சாயம் போடறதில்ல. பழைய நோட்டு, பரீட்சை பேப்பரு, எல்லாத்தையும் கூழாக்கிப் பண்றது. சீக்கிரம் மக்கிடும், ஏரிக்கும் நல்லது.”

ஏரிக்கு நல்லதுதான், என் கைக்கு என்ன நல்லது என்று கேட்டு, அதையும் குறைத்து, கொசுறாக ஒரு பாக்கெட் ஊதுபத்தியும் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வியாபாரத்தில் ஜெயித்ததை வீட்டில் வந்து சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வரதனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். மரம் வெட்டாததைச் சொன்னாள், ஊதுபத்தியைச் சொன்னாள், பரீட்சைப் பேப்பரையும் சொன்னாள்.

வரதன் ஒரு உருளையைக் கையில் எடுத்தான். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. உறையில் இருந்ததை எழுத்துக்கூட்டி ஒருமுறை வாசித்தான். பிறகு அதை ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, காலண்டர் சரஸ்வதிக்குக் கீழே, கலைவாணியின் சான்றிதழ்கள் இருக்கும் அலமாரியில் ஆறையும் கொண்டுபோய் வைத்தான். பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் அவளும் அதைக் கவனிக்கவில்லை.

கவனித்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது என்று சொன்ன பிறகு மார்க்கெட்டில் எல்லோரும் பழைய நோட்டுத் தாளில் மீனைச் சுருட்டிக் கொடுக்கிறார்கள். கோவிந்தம்மா மட்டும் இலையில்தான் கட்டுவாள். எழுத்தின் மேல் மீன் ரத்தம் படக்கூடாது என்பது வரதன் உத்தரவு. கால் பட்ட பேப்பரைக் குனிந்து கும்பிடாமல் அவன் தாண்டிப் போனதில்லை.

மூன்று நாள் கணக்கு இப்போது தட்டை வைத்துக்கொண்டு நிற்கையில் அவளுக்குக் கூடி வந்தது. கக்கூசுக்குள்ளே போகாமல் இருக்க ஒரே வழி, வயிற்றுக்குள்ளே தள்ளாமல் இருப்பது. மனுஷன் அதற்காகப் பட்டினி கிடக்கிறான். அலமாரியைப் போய்ப் பார்த்தாள். ஆறும் அப்படியே இருந்தன.

“ஏன்யா, வெள்ளையே வாங்கியாரட்டுமா?”

“அதுவும் பேப்பர்தானே. அன்னிக்கு யோசிக்காத பூட்டேன்.”

“அப்போ நானே...”

“வேணாமே.” கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். “நீ செஞ்சது எனக்கு மறக்காது. ஆனா வேணாம். நீ என்னைய அப்பிடிப் பார்க்கறது எனக்கு வேணாம்.”

“நான் எப்பிடிப் பார்த்தேன்?”

“நீ ஒன்னும் தப்பாப் பார்க்கல. கொயந்தைய பார்க்கற மாதிரி பார்த்த. அதான்.”

இதற்கு என்ன விலை சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டைக் கழுவப் போனாள். மறுநாள் ஆயுத பூஜை. அதற்கு ரெண்டு நாள் கழித்துப் பொன்னேரியில் கட்டுப் பிரிக்கவேண்டும். வயிறு காய்ந்தவன் புண் ஆறியிருக்காது. சுண்டுவிரல் இல்லாத கையில் வலைக்கயிறு நிற்காது.

பூஜைக்கு வீட்டைக் கழுவினாள். சுண்டல் வேகவைத்தாள், வடைக்கு அரைத்தாள். வரதன் சும்மா இருக்கமாட்டான். குத்துவிளக்கை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு கையாலேயே புளி போட்டுத் தேய்த்தான், கட்டுப்போட்ட கையைத் தண்ணீர் படாமல் காக்கா விரட்டுகிறவன் மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அந்த விளக்கு அவள் அப்பா வீட்டுச் சீர். இருபத்தாறு வருடமாக அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் அவன் ஏரிக்குப் போனதில்லை. தேய்ப்பதற்குக்கூட வேறு யார் கையிலும் தர மாட்டான்.

சாயங்காலம் சந்தனக் கிண்ணத்தோடு ரெண்டு பேரும் வீட்டைச் சுற்றி வந்தார்கள். வலைக்குப் பொட்டு. படகு இன்ஜினுக்குப் பொட்டு. தராசுக்கு, அருவாமனைக்கு, மீன் கூடைக்கு, கிரைண்டருக்கு. காலண்டர் சரஸ்வதியின் காலடியில் கலைவாணியின் பழைய புத்தகம் நாலு. கோவிந்தம்மா அலமாரியிலிருந்து ஒரு உருளையை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இன்னாமே பண்ற நீ?”

“இன்னிக்குப் பொழைக்க உதவற ஆயுதத்துக்கெல்லாம் பொட்டு வைக்கறோம். இப்போ உன் இடது கை இதுதான். இதுக்கும் வையி.”

“அது புஸ்தகம். அந்தாண்ட வை. இன்னிக்கு அத்தத் தொடவே கூடாது.”

“புஸ்தகமா? படி, கேக்கறேன்.”

வரதன் உருளையைக் கூர்ந்து பார்த்தான். பிறகு பிடிவாதமாகத் தலையாட்டினான். “கொயந்தைங்க எழுதின நோட்டுமே. அது மனசுல நிக்குது. நான் இன்னா பண்ண?”

இப்படிப் படியாத கிராக்கி முன்னால் அவள் இதுவரை நின்றதில்லை. விலையைக் குறைத்தாயிற்று, சரக்கை மாற்றுகிறேன் என்றாயிற்று. கையில் இன்னும் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவள் கல்யாணத்துக்கு முதல்நாள் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்ட சங்கதி. கொள்முதல் ரகசியத்தை வாங்க வந்தவனிடம் சொல்லுகிற வியாபாரி உலகத்திலேயே கிடையாது. கோவிந்தம்மா விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“இந்த விளக்கு எங்க வார்த்ததுன்னு தெரியுமா உனக்கு?”

“ஆரம்பாக்கத்துல. உங்கப்பன் நூறு வாட்டி சொல்லிகீறாரே.”

“இன்னா பித்தளைன்னு சொன்னாரா?”

“நல்ல பித்தளைன்னாரு.”

“ரெண்டு ஓட்டைக் குடம். அது பத்தல. அடிப்பாகத்துக்குன்னு எங்கப்பா தன்னோட படிக்கத்தையும் தூக்கிப் போட்டாரு.”

கிண்ணத்தில் வரதனின் விரல் நின்றது. “எந்தப் படிக்கம்?”

“எந்நேரமும் வெத்தல போட்டு அதுல துப்பிகினே குந்திகினு இருப்பாரே. அதுதான்.”

கருவாடு விற்ற அந்தக் கிழவரையும் அவர் பக்கத்தை விட்டு நகராத பித்தளைப் படிக்கத்தையும் பெண் பார்க்கப் போன அன்றைக்கு வரதன் நேரில் பார்த்திருக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரு பழைய டப்பாவில் துப்பிக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறான். விளக்கைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். மறுபடி விளக்கைப் பார்த்தான்.

“எங்கப்பாவோட எச்சி அதுல கீதா இப்போ?” கோவிந்தம்மா விளக்கைத் தொட்டுக் காட்டினாள். “நெருப்புல உருகிச்சு, விளக்காச்சு. இருபத்தாறு வருஷமா நீ கண்ணுல ஒத்திகினு போற, உன்னைப் பத்திரமா திரும்பி அனுப்புது. படிக்கம் கரைஞ்சு விளக்கானா கும்புடுவ. நோட்டு கரைஞ்சு இதானா மட்டும் இன்னும் நோட்டுன்னு சொல்லுவியா? இன்னாயா உன் நியாயம்?”

வரதனின் தோள் மெதுவாகக் குலுங்கியது. அழுகிறானோ என்று அவள் பதறி நகர்ந்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். மூன்று வாரத்துச் சிரிப்பும் மொத்தமாக வந்தது, கண்ணில் தண்ணீர் வர, கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

“உங்கப்பன் பலே ஆளுமே. மாப்பிள்ளைய துப்பின படிக்கத்தையே கும்புட வெச்சிட்டாரு.”

“ஊர்ல யாருக்கும் தெரியாது.”

“எனக்கே தெரியாத வெச்சிகினு இருந்தியே.” சிரிப்பு அடங்கி அவளைப் பார்த்தான். முகத்துக்கு நேராக, ரொம்ப நாளைக்கு அப்புறம். “இப்போ எதுக்குச் சொன்ன?”

“நீ துன்ன மாட்டேன்றியே.”

வலது கையை நீட்டிச் சந்தனத்தை எடுத்து உருளையின் உறை மேல் வைத்தான். அதன் மேல் குங்குமம். கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

“ஒன்னு மட்டும் அலமாரிலயே இருக்கட்டும். மிச்சம் அஞ்சு.”

ஆறில் ஒன்று நஷ்டம். வேறு யாராக இருந்தாலும் கோவிந்தம்மா விட்டிருக்க மாட்டாள். “சரி” என்றாள்.

“கலைவாணிகிட்ட சொல்லாத.”

“படிக்கத்தையா, இத்தயா?”

“ரெண்டையும்.”

அன்றைக்கு ராத்திரி அவள் அவன் தட்டைத் தூக்கியபோது அது வெறும் தட்டின் எடைதான் இருந்தது. வடை மட்டும் ஏழு.

மறுநாள் காலை, பூஜையில் வைத்ததை எடுத்துத் தொழிலைத் தொடங்குகிற நாள். கோவிந்தம்மா தராசை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். வரதன் குளித்த தலையோடு வந்து நின்றான், குங்குமம் வைத்த உருளையை ரொம்ப மரியாதையாக எடுத்தான், அவள் சிரிக்கிறாளா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான், பின்பக்கம் போனான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே குரல் வந்தது. ஏரியில் பாடு கேட்டுச் சண்டை போடுகிற பழைய குரல்.

“ஏமே, விளக்குல எண்ணெ கீதா பாரு. அணைஞ்சிடப் போவுது.”

பார்த்தாள். எண்ணெய் நிறைய இருந்தது. விளக்கின் தண்டில் அவள் வைத்த பொட்டு மூன்று. அடிப்பாகத்தில், நேற்று இல்லாத இடத்தில், புதிதாக இன்னொன்று, கோணலாக.