பீரங்கிக்கு வேண்டாத சாட்சி

விண்காவல் கோபுரத்தின் பெரிய பீரங்கி அங்கிருக்கும் கண்காணிப்பாளர் ஒரு வார்த்தை சொன்னால்தான் சுடும். வருகிற கப்பலைத் தொலைநோக்கியில் தன் கண்ணால் பார்த்து, எதிரியின் போர்க்கப்பல்தான் என்று உறுதியான பிறகே ஒலிவாங்கியில் 'பார்த்தேன்' என்பார். அதுவரை பீரங்கி வாய் திறக்காது. படையின் சட்டம் அது.

பதினோரு வருடத்தில் முப்பத்தேழு முறை சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூடப் பார்க்காமல் சொன்னதில்லை. அதனால்தான் அவருக்குச் 'சாட்சி' என்று பட்டப்பெயர். படையைப் பற்றி யாராவது குறை சொன்னால் சண்டைக்கே போய்விடுவார். "மனுஷன் பார்த்துச் சொன்னாதான்யா எங்க பீரங்கி சுடும்!"

அன்று காலை அபாயமணி அடித்தது.

"விருந்தாளி வந்தாச்சு," என்றாள் குண்டு ஏற்றுபவள். "சட்டுன்னு சொல்லுங்கண்ணே, டீ ஆறுது."

"டீயைத் திரும்பச் சூடு பண்ணலாம் தங்கச்சி. சுட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா?" என்றபடி குனிந்தார்.

போர்க்கப்பல் இல்லை. இயந்திரம் செத்துப்போன பழைய சரக்குக் கப்பல், தானாக மிதந்து வந்தது. சன்னலுக்குள் துணி காயப்போட்ட கயிறு ஒன்று. எடையில்லாத இடம் என்பதால் துணிகள் தொங்காமல் நாலாபக்கமும் விறைத்து நின்றன. ஒரு கை வந்து குட்டிச் சட்டை ஒன்றை எடுத்தது.

"எதிரி இல்லை! சுடாதீங்க! குழந்தை குட்டியோட வர்றாங்க!"

ஒரு நிமிடம் எல்லாம் அமைதியாக இருந்தது. பிறகு தரை அதிர்ந்தது. தொலைநோக்கியில் வெறும் தூசி.

"நான் எதையும் தொடலண்ணே," என்று அழுதாள் அவள். "என் புள்ளை மேல சத்தியம்."

அவர் கமாண்டரின் அறைக்கு ஓடினார்.

"சார், வேண்டாம்னு சொல்லியும் சுட்டுடுச்சு. பீரங்கி பழுது. உடனே நிறுத்தணும்."

"பழுதெல்லாம் ஒண்ணுமில்ல. உட்காருங்க சாட்சி." கமாண்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "உங்க ஒலிவாங்கியிலேர்ந்து பீரங்கிக்குக் கம்பியே கிடையாது. என்னைக்குமே இருந்ததில்ல."

"நான் சொன்ன பிறகுதானே சார் சுடும்?"

"எல்லைக்குள்ள எது வந்தாலும் அது சுடும். ஒரு நிமிஷம் பொறுத்துச் சுடும். இதுவரைக்கும் வந்ததெல்லாம் எதிரிதான், நீங்களும் அதுக்குள்ள சொல்லிடுவீங்க."

"அப்ப நான் எதுக்கு சார்?"

"முன்னாடியெல்லாம் இங்கே சிப்பாய்ங்க தூக்கமில்லாம புத்தி பேதலிச்சுப் போனாங்க. ஒருத்தர் பார்த்துட்டுத்தான் சுடுறோம்னு தெரிஞ்சதும் நிம்மதியா தூங்கினாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்களும் நல்லாத்தானே தூங்கினீங்க?"

சாட்சி எழுந்தார். நன்றாகத்தான் தூங்கியிருந்தார். பழக்கத்தில் கை தானாக உயர்ந்து சல்யூட் அடித்தது. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

குண்டு ஏற்றுபவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"என்னண்ணே சொன்னாரு? பழுதுதானே?"

அவளைப் பார்த்தார். இன்னும் மூன்று வருடம் அவள் இங்கேதான் இருந்தாக வேண்டும்.

"பழுதுதான். சரி பண்ணிட்டாங்க."

"இனிமே நீங்க சொன்னாதானே சுடும்?"

"ஆமா தங்கச்சி. நான் சொன்னாதான்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்ப் படுத்தாள். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. அவர் தொலைநோக்கியின் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.