ஒற்றைத் துடுப்பு

எனக்குப் படகு கிடையாது. இருந்தும் போன ஏப்ரலில் ஒரு துடுப்பு வாங்கினேன். பச்சை வண்ணம், கழுத்தில் மஞ்சள் பட்டை. ஒன்றே ஒன்று. அதற்குக் காரணம் ஒரு திருகு.

மேற்கு வர்ஜீனியாவில் ஆற்றை ஒட்டிப் போகும் சாலையில், நான் வேலை பார்க்கும் பாட்டில் தொழிற்சாலைக்கும் என் வீட்டுக்கும் நடுவில், ஓலீட்டாவின் கடை இருக்கிறது. தூண்டில் புழு, தோட்டா, பழைய துப்பாக்கிகள், காப்பி, ஊறுகாய் முட்டை எல்லாம் விற்பாள். யார் வீட்டையாவது காலி செய்தால் மிஞ்சுகிற தட்டுமுட்டுச் சாமான்களும் அங்கேதான் வந்து சேரும். இரவு வேலை முடிந்ததும் நான் அங்கே காப்பி குடிப்பேன். பேச்சு வைத்துக்கொள்ள மாட்டேன். விடிய விடிய உலைக்கு முன்னால் நின்றவனுக்குப் பேச ஒன்றும் இருக்காது.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, கல்லாவுக்குக் கீழே இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் அதைப் பார்த்தேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கே-22 ரிவால்வர். ஆறு அங்குலக் குழல். நீல மெருகு குழல் நுனியில் மட்டும் தேய்ந்திருந்தது, உறையில் செருகி எடுத்த தேய்மானம். வால்நட் மரப் பிடி. விலைச் சீட்டு இல்லை.

கே-22 நிறைய இருக்கின்றன. நான் ஆறு வருடமாகத் தேடியது பழையது. அதில் மொத்தம் ஐந்து திருகு. ஒன்று வலப்பக்கத் தகட்டின் மேல் முனையில் இருக்கும். பின்னால் வந்தவற்றில் அந்தத் திருகை எடுத்துவிட்டார்கள். திருகு இருப்பதால் குண்டு நேராகப் போகிறதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் உள்ளே ஒவ்வொரு பாகத்தையும் கையால் அரம் போட்டுப் பொருத்தினார்கள் என்பார்கள். வேறொருவரின் பழையதை ஒருமுறை நான் சுட்டுப் பார்த்திருக்கிறேன். விசையை இழுத்தால் தண்ணீரில் விரல் போவது போல இருக்கும்.

அடகுக் கடைகள், துப்பாக்கிச் சந்தைகள் எல்லாம் அலைந்தாயிற்று. ஒருமுறை ஏலத்தில் ஒன்று வந்தது. நான் ஹாட்டாக் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் வேறொருவன் அதை உறையோடு வண்டியில் வைத்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து ஹாட்டாக் சாப்பிட்டால் எனக்கு நெஞ்சு கரிக்கும்.

எங்கள் துப்பாக்கிக் கழகத்தில் மே மாத முதல் ஞாயிறு பழைய ரிவால்வர் போட்டி நடக்கும். வருடா வருடம் நண்பன் கார்லிஸிடம் கடன் வாங்கித்தான் சுடுவேன். அவனுடையதும் கே-22தான், திருகு குறைந்த பிந்தைய ரகம். ஒவ்வொரு முறையும் கொடுக்கும்போது, "பாத்துப் பிடி, இது உங்க அப்பன் சொத்து இல்ல" என்பான். இந்த வருடம் என் துப்பாக்கியோடு போய் நிற்க வேண்டும். வேறு ஆசை ஒன்றும் எனக்கு இல்லை.

பழைய துப்பாக்கி தேடி அலையும் எங்கள் ஆட்களுக்கு ஒரு விதி உண்டு. வேண்டிய பொருளை விற்பவன் முன்னால் பார்க்கவே கூடாது. ஆசை முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடும். பக்கத்தில் இருக்கும் குப்பையைக் கையில் எடுத்து, அதைப் பேரம் பேசி, கடைசியில் போகிற போக்கில், அது என்ன என்று கேட்க வேண்டும். சந்தையில் எல்லோரும் இப்படித்தான். எல்லோருக்கும் தெரிந்த தந்திரத்தை எல்லோரும் ஒருவர் மீது ஒருவர் பிரயோகித்துக்கொண்டிருப்போம்.

ரிவால்வர் வலப்பக்கம் கீழாகக் கிடந்தது. திருப்பிக் காட்டச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். அது இருந்த தட்டும் கண்ணாடிதான். குனிந்து கீழிருந்து பார்த்தால் தெரியும் என்று தோன்றியது. உட்கார்ந்தேன்.

"என்ன கண்ணு, கீழ எதாவது விழுந்துடுச்சா?" என்றாள் ஓலீட்டா.

"இல்லீங்க மிஸ் ஓலீட்டா. ஷூ லேஸ் கட்டுறேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். "உன் பூட்ஸுல லேஸே இல்லையே."

உண்மைதான். உலையில் வேலை பார்ப்பவர்கள் இழுத்து மாட்டும் பூட்ஸ்தான் போடுவோம். நான் எழுந்தேன். முழங்கால் சத்தம் போட்டது. திருகு தெரியவில்லை, கீழ்த்தட்டில் இருந்த தூண்டில் உருளைகள் மறைத்தன. கைக்கு எட்டியது ஒரு மீன் வாளி. விலை கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த வாரம் ஒற்றைக் கண் மர வாத்து வாங்கினேன். அதற்கடுத்து வேட்டையில் வான்கோழியைக் கூப்பிடும் மரப் பெட்டி. கண்ணாடி இல்லாத அரிக்கேன். ஒவ்வொரு முறையும், போகிற போக்கில் கேட்கலாம் என்று வாயைத் திறப்பேன். ஓலீட்டா காப்பிக் கோப்பைக்கு மேலாக என்னைப் பார்ப்பாள். "அவ்வளவுதானா கண்ணு?" என்பாள். "அவ்வளவுதாங்க" என்பேன். ஏப்ரல் நடுவில் துடுப்பு.

"ஒண்ணுதானா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போதாதா? வட்டம் போட்டுட்டே இருக்கலாம்" என்றாள்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, பயிற்சிக்குப் போக கார்லிஸை அழைக்க அவன் வீட்டுக்குப் போனேன். கார்லிஸும் எங்கள் தொழிற்சாலைதான், பகல் வேலை. காரை நிறுத்தும் கொட்டகையில் இறைச்சியை உறைய வைக்கும் பெட்டிக்குள் தலையை விட்டு மான்கறி தேடிக்கொண்டிருந்தான். உறைபெட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு துடுப்பு சாய்ந்திருந்தது. பச்சை வண்ணம். கழுத்தில் மஞ்சள் பட்டை.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உனக்கு ஏதுடா படகு?" என்றேன்.

உறைபெட்டிக்குள் இருந்தே பதில் சொன்னான். "வாங்கலாம்னு இருக்கேன்."

"துடுப்பு எங்க வாங்கினே?"

"அது... கெடந்துச்சு."

அலமாரியில் ஒரு மர வாத்தும் இருந்தது. அதற்கு இரண்டு கண்ணும் இருந்தன. எனக்கு எரிச்சலாக வந்தது.

கார்லிஸ் தலையை வெளியே எடுத்தான். மீசையில் பனி. என் வண்டியின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த பச்சைத் துடுப்பை அவனும் பார்த்தான். நான்தான் அதை இறக்கி வைக்காமல் திரிந்துகொண்டிருந்தேன். காரமான இறைச்சி அடைத்த பெப்பரோனி ரொட்டியைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றோம். இந்த வருடம் மழை அதிகம் என்றான். ஆமாம் என்றேன்.

"நாளைக்குக் காலைல என்ன பண்றே?" என்று கேட்டான்.

"ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போய் தூக்கம்தான். நீ?"

"வேலைக்குப் போகணுமே. வேற எங்க போவேன்?"

மறுநாள் ஓலீட்டா கடை திறக்குமுன்பே நான் வாசலில் இருந்தேன். உலையில் என் இடத்தில் நிற்க ஒருவனுக்கு இரண்டு வாரம் என் சாப்பாட்டைத் தருவதாகச் சொல்லி முன்னதாகக் கிளம்பி வந்திருந்தேன். கார்லிஸின் வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. இறங்கி வந்தான். என்னைப் பார்த்ததும் இருமினான்.

"உடம்பு சரியில்ல. லீவு சொல்லிட்டேன்."

"இருமலுக்குப் புழு நல்லதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"மூடுடா."

ஓலீட்டா கதவைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணாவா? யாராவது செத்துட்டாங்களா?"

உள்ளே போனோம். ரிவால்வர் அதே இடத்தில் இருந்தது. நானும் கார்லிஸும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தோம். கார்லிஸ் முந்திக்கொண்டான். பெட்டிக்கு மேலே இருந்த, மான் கொம்பில் செய்த மேசை விளக்கைத் தட்டினான்.

"மிஸ் ஓலீட்டா, இந்த விளக்கு என்ன வெலைங்க?" என்றான். ரொம்ப நன்றாகச் செய்தான். குரலில் தூக்கம்கூட இருந்தது.

இரண்டாவது கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அடுத்த மூச்சில் வந்துவிடும். கைக்கு எட்டிய குப்பை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. எல்லாவற்றையும் நானே வாங்கித் தீர்த்திருந்தேன்.

"எனக்கு அந்த ரிவால்வர் வேணும்" என்றேன். "வெலை என்ன?"

கார்லிஸ், கோவிலில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னதைப் போல என்னைப் பார்த்தான்.

ஓலீட்டா கோப்பையைக் கீழே வைத்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு விலை சொன்னாள். சந்தையில் கேட்பதைவிடக் குறைவு. என் சட்டைப்பையில் இருந்ததைவிடவும் குறைவு.

"மார்ச்ல கேட்டிருந்தா மார்ச்லயே இதே வெலைதான்" என்றாள். "ஒருத்தன் கேக்கலியே. குனிஞ்சு பாக்குறான், படுத்துப் பாக்குறான், வாத்து வாங்கிட்டுப் போறான். இது இங்க வந்ததிலேர்ந்து ஒரு குப்பை தங்கல. இதைவிட நல்ல வேலைக்காரன் எனக்குக் கெடைச்சதில்ல."

"நான்தான் மொதல்ல பாத்தேன்!" என்று கார்லிஸ் கத்தினான். "பிப்ரவரிலயே பாத்தேன்!"

"பாத்தே. கேட்டியா?"

இருமல் சுத்தமாக நின்றுவிட்டது.

ஓலீட்டா அதை எடுத்து என் கையில் வைத்தாள். சிலிண்டரைத் தள்ளிப் பார்த்தேன், காலி. திருப்பினேன். வலப்பக்கத் தகட்டின் மேல் முனையில் திருகு இருந்தது. சின்னது. தலையில் ஒரு கீறல்கூட இல்லை. யாரும் அதைக் கழற்றியதே இல்லை. என் முகம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. கார்லிஸ் அதைப் பார்த்துவிட்டு, "இருக்கா?" என்றான், மெதுவாக. தலையாட்டினேன். "நாசமாப் போ" என்றான். அதில் கோபம் பாதிதான் இருந்தது.

"யாரோடதுங்க இது?" என்று கேட்டேன்.

"மொதப் புருஷன் விட்டுட்டுப் போனது. அந்த ஆளைவிட இது நல்லா வேலை செஞ்சிருக்கு."

அடையாள அட்டையைக் காட்டினேன். எனக்குத் துப்பாக்கி விற்கலாமா என்று அவள் தொலைபேசியில் அரசாங்கத்திடம் விசாரித்தாள், கொடுக்கலாம் என்றார்கள். வெளியே வரும்போது கார்லிஸ் கையில் மான்கொம்பு விளக்கு இருந்தது.

"அதை எதுக்குடா வாங்கினே?"

"வெலை கேட்டுட்டேனேடா."

வீட்டுக்குப் போகவில்லை, தூங்கவும் இல்லை. நேராகக் கழக மைதானத்துக்கு வண்டியை விட்டேன். கார்லிஸ் பின்னாலேயே வந்தான். அங்கே வேறு யாரும் இல்லை, குண்டு தாங்கும் மண்மேட்டில் வெயில் மட்டும் இருந்தது. ஆறு தோட்டா போட்டேன். முதல் குண்டு கறுப்பு வட்டத்தின் இடது ஓரத்தில் விழுந்தது. துப்பாக்கியின் பின்பக்கக் குறிகாட்டியை ஒரு சொடுக்கு திருப்பினேன். மீதி ஐந்தும் நடுவில், ஒன்றை ஒன்று தின்றன. ஐந்து ஓட்டையையும் கட்டைவிரலால் மூடிவிடலாம். நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன் போல. மேட்டுக்குப் பின்னால் இருந்த மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின.

கார்லிஸ் கை நீட்டினான். அதற்காக நான் ரொம்ப நாள் காத்திருந்தேன்.

"பாத்துப் பிடி" என்றேன். "இது உங்க அப்பன் சொத்து இல்ல."

அவன் ஆறு குண்டு சுட்டான். இன்னொரு ஆறு. அப்புறம் தோட்டாப் பெட்டியை என்னிடம் தள்ளவே இல்லை. மதியம் வரை சுட்டோம். விரல் கறுத்தது, பசித்தது, போகத் தோன்றவில்லை.

மே போட்டியில் நான் மூன்றாவதாக வந்தேன். கார்லிஸ் தன் திருகு குறைந்த கே-22ஐ வைத்துக்கொண்டு இரண்டாவதாக வந்தான். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் காப்பிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் அதே இடத்தில் கோல்ட் கம்பெனி ரிவால்வர் ஒன்று கிடந்தது. பழையது. மிகப் பழையது. அடியில் மடித்த துணி, கீழிருந்து பார்க்க முடியாது. விலைச் சீட்டு இல்லை. ஓலீட்டா கோப்பைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கேட்டால் சொல்லிவிடுவாள். அது எனக்கு நன்றாகவே தெரியும். வெளியே கார்லிஸின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அலமாரியைப் பார்த்தேன். புதுச் சரக்கு வந்திருந்தது.

"மிஸ் ஓலீட்டா" என்றேன், "அந்தத் தையல் மெஷின் என்ன வெலைங்க?"