ஸ்டெப்னிக் குழி

அக்காவை அந்த வீட்டிலிருந்து ஒரே நடையில் கிளப்பிவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு. மிச்சச் சாமானுக்காக இன்னொரு தரம் வந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அத்தான் மாரடைப்பில் போனபிறகு ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று, கிடைத்த வேலையும் கைநழுவிப் போனது. இப்போது வேறு ஊரில் விடுதிக் காப்பாளர் வேலை. மறுநாள் சேர்ந்தாக வேண்டும்.

கார் அத்தானுடையது. விற்பனைப் பிரதிநிதியாக அவர் ஊர் ஊராக ஓட்டிய சின்ன வண்டி. டிக்கியில் பாதிச் சாமான்கூடப் பிடிக்கவில்லை. ஆகவே எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, இன்னும் இடம் பண்ண மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கி, நடு போல்ட்டைக் கழற்றி, மாற்று டயரான ஸ்டெப்னியை வெளியே எடுத்து வைத்தார். அடியில் அண்டா போல வட்டமாக ஒரு குழி. அதில் ஒரு கம்பளத் துண்டை விரித்துவிட்டு, டயருக்குப் பதிலாகப் பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் கொடுத்தார். "வழியில பஞ்சரானா எனக்கு போன் போடாதீங்க, நான் எடுக்க மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

எனக்குச் சாமான் அடுக்க வராது. ஷூ, போர்வை, கரண்டி, மருந்து டப்பா என்று கைக்கு வந்ததைக் குழியில் கொட்டிப் பலகையை அழுத்தினேன். அது உட்கார மறுத்தது. பரவாயில்லை, பிறகு பார்ப்போம் என்று பாத்திர மூட்டையை எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது பலகை சமமாக உட்கார்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். போர்வை குழாய் போலச் சுருண்டு குழியின் ஓரத்தை ஒட்டி வளைந்திருந்தது. ஷூக்களுக்குள் மருந்து டப்பாக்கள், அவற்றின் இடுக்கில் கரண்டிகள். நடுவில் ஒரு குடம் வைக்க இடம்.

நீதானே அடுக்கினாய் என்று அக்காவைக் கேட்டேன். அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லையாம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். ஷூவுக்குள் சாமான் வைப்பது அத்தானின் பழக்கம் என்றாள். வெளியூர் கிளம்பினால் அவர்தான் அடுக்குவார், இவளைத் தொடக்கூட விடமாட்டாராம். இதைச் சொல்லும்போது அவள் முகம் மாறவில்லை. நான்தான் பலகையைச் சட்டென்று மூடினேன்.

ஆனாலும் நிறுத்தவில்லை. பாத்திரம், இஸ்திரிப் பெட்டி, தையல் மிஷினின் தலை என்று கொண்டுவந்து போட்டேன். ஒவ்வொரு முறை நான் உள்ளே போய் வருவதற்குள்ளும் எல்லாம் அடுக்கப்பட்டு, முன்பைவிட அதிக இடம் இருந்தது. பலகைக்கு மேலே டிக்கியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்று பயத்தை அமுக்கிவிட்டது. இன்னும் கொஞ்சம்தான், இன்றைக்கே அவளைக் கூட்டிப் போய்விடலாம்.

கடைசியாகப் பலகையைத் தூக்கியபோது சாமான்கள் சுற்றிலும் சுவராக நெருங்கி நின்றன. நடுவே போர்வை விரிந்து கிடந்தது. ஒரு பக்கம் அக்காவின் தலையணை. முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தால் அவள் உயரத்து ஆள் ஒருத்தி அதில் சரியாக அடங்குவாள்.

"எனக்கும் எடம் வச்சிருக்காரு" என்றாள் அக்கா, என் தோளுக்குப் பின்னாலிருந்து. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைப் பம்பர்மேல் வைத்தாள்.

கையைப் பிடித்து இழுத்தேன். "நீ முன்னாடி போய் உட்காருக்கா. சாமான் ஒண்ணும் வேணாம்."

"எல்லாமே அடங்கிடுச்சேடா."

"அடங்கினது போதும்."

குழியில் இருந்ததையெல்லாம் வாரி வாசலில் போட்டேன். வெயில் படாத அந்தக் கம்பளத் துண்டு உடம்புச் சூட்டோடு இருந்தது. ஸ்டெப்னியை உருட்டி வந்து இறக்கி, கை வலிக்க வலிக்க போல்ட்டை முறுக்கினேன். அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, அவளுடைய துணிப்பை ஒன்றை மட்டும் பின்சீட்டில் எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

ஊர் எல்லையைத் தாண்டினோம். டிக்கியில் எந்தச் சத்தமும் இல்லை. ஒருவழியாகக் கூட்டி வந்துவிட்டோம் என்று மூச்சு விட்டு, புது வேலையைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கத் திரும்பினேன்.

அக்கா கால்களைச் சீட்டின்மேல் தூக்கி, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து, தலையை அவற்றின்மேல் கவிழ்த்திருந்தாள். அவ்வளவு சிறியவளாக அவளை நான் பார்த்ததே இல்லை. சீட் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது.

"வலிக்கலடா. இன்னும் கொஞ்சம் மடங்கலாம்" என்றாள்.