மேலே இன்னும் பனி இருக்கிறது

மேசைமேல் விரித்திருந்த மலை வரைபடத்தைக் கிளென்டா ஒரே இழுப்பில் இழுத்துக் கீழே தள்ளினாள். காப்பிக் கோப்பையும் கூடவே விழுந்து உடைந்தது.

"படத்தைப் பாத்தது போதும் இவோன். என் புருஷன் எங்க கெடக்கறான்னு உங்க எல்லாருக்கும் தெரியும். போய் எடுத்துட்டு வாங்க."

மீட்புக்குழுத் தலைவி இவோன் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள்.

"இன்னிக்கு முடியாது கிளென்டா."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"சரிவுல பாதிப் பனிதான் இறங்கியிருக்கு. மீதி அவன் தலைக்கு நேர் மேல தொங்குது. ராத்திரி பூரா காத்து அதுமேல இன்னும் பனியைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கு. அடியில இருக்கற படலம் சர்க்கரை மாதிரி, ஒண்ணோடொண்ணு ஒட்டாது. அதுக்குக் கீழ என் ஆளுங்களை நிக்க வைக்க மாட்டேன்."

"அவன் மட்டும் அங்க கெடக்கலாமா?"

"அவன் செத்துட்டான்." இவோன் மெதுவாகத்தான் சொன்னாள். கிளென்டாவுக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. கதவை அறைந்துவிட்டு வெளியே வந்தாள்.

முந்தின நாள் சனிக்கிழமை காலை முட்டை பொரித்துக்கொண்டே அன்றைய பனிச்சரிவு அறிக்கையை டார்சிக்கு அவளேதான் வாசித்துக் காட்டினாள். ஆபத்து அதிகம், செங்குத்தான சரிவுகள் பக்கம் போகாதீர்கள். "மரங்களுக்குள்ளயே சுத்திட்டு வந்துருவோம், சத்தியமா" என்றான் டார்சி. அவன் தம்பி வேட் வாசலில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியை உறுமவிட்டபடி, "பொண்டாட்டிகிட்ட உத்தரவு வாங்கியாச்சா?" என்று கத்தினான்.

சாயங்காலம் வேட் மட்டும் திரும்பினான். அண்ணன் முகம்வரை தோண்டியிருக்கிறான், மூச்சு இல்லை. இருட்டிக்கொண்டு வந்ததால் ஹெலிகாப்டர்காரர்கள் உயிரோடு இருந்தவனை மட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். சத்தியம் செய்துவிட்டுப் போய்ச் செத்தானே என்ற ஆத்திரம்தான் அப்போதிலிருந்து கிளென்டாவைக் கீழே விழாமல் நிற்க வைத்திருந்தது.

வெளியே வேட் தன் டிரக்கில் ஸ்னோமொபைலைக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மண்வெட்டி கிடந்தது.

"இவங்க போகலன்னா நான் போறேன்" என்றான்.

"நானும் வரேன். கதவைத் தெற."

"நீ வேண்டாம்." அவன் கயிற்றை விட்டான். "கிளென்டா, அண்ணன் முதல்ல சரிவுல ஏறவே இல்ல. மரத்தடியிலயே நின்னு, எறங்குடா நாயேன்னு கத்திட்டிருந்தான். நான்தான் ஏறினேன். பாதியில வண்டி பொதைஞ்சுபோச்சு. என்னை இழுத்துவிடத்தான் வந்தான். அவன் ஏறினதும் பனி பிச்சுக்கிச்சு."

அவள் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. அறைந்து ஓய்ந்ததும் டிரக்கில் ஏறப் போனான். கிளென்டா அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"எங்கடா போற?"

"அவன்கிட்ட."

"போய்ச் செத்துட்டா எல்லாம் சரியாயிருமா? உன்னைக் காப்பாத்தத்தான் அந்த மடையன் ஏறினான். அதையும் வீணாக்கப் போறியா? அவன் பேசாம கெடக்கட்டும், வானம் தெளியறவரைக்கும். சாவியைக் குடு."

கொடுத்தான். பனியிலேயே உட்கார்ந்து அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை.

திங்கள் மதியம் மேகம் விலகியது. ஹெலிகாப்டரிலிருந்து வெடி போட்டு மீதிப் பனியையும் இறக்கினார்கள். அந்த அதிர்வில் அவள் வீட்டுச் சமையலறைக் கண்ணாடி நடுங்கியது. டார்சி இன்னும் ஆழத்துக்குப் போயிருந்தான். புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்ட அவன் உடம்பில் கட்டியிருந்த கருவியின் சமிக்ஞையைப் பிடித்துத் தோண்டி எடுத்தார்கள்.

இறங்குதளத்தில் தூக்குப் படுக்கையை இவோனும் அவளுடைய ஆட்கள் இரண்டு பேரும் பிடித்தார்கள். ஒரு மூலை காலியாக இருந்தது. வேட் வேலியோரம் தள்ளி நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

கிளென்டா அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "வந்து பிடி."

அவன் வந்தான். கையுறையைக் கழற்றிப் பனியில் போட்டுவிட்டு, வெறுங்கையால் பிடித்தான்.