யந்தாரின் சட்டை

என் கைகள் சும்மா இருக்காது. இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்பவளுக்கு அது ஒரு வகையில் வசதிதான். பிசிறு கண்டால் வெட்டுவேன், நூல் தொங்கினால் பிடுங்குவேன். வீட்டில்தான் வம்பு. வேகிற புலாவை மூடி திறந்து திறந்து பார்ப்பேன். ஜெரேனியம் செடியைத் தொட்டி மாற்றி மாற்றியே சாகடித்தேன். மீன் தொட்டி ஒன்று வைத்திருந்தோம். தண்ணீர் கலங்கலாகத் தெரிகிறதென்று மாற்றினேன். மறுநாளும் அப்படியே தெரிந்தது, மறுபடி மாற்றினேன். அந்த மீன்கள் என் சுத்தத்தால் செத்தன என்று என் கணவன் மெய்ராம் இன்றைக்கும் சொல்வான்.

அப்படிப்பட்டவளிடம் ஒலேஸ்யா தன் பாம்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் கடையில் துணி வெட்டுகிறவள் அவள். குடும்பத்தோடு ஜெர்மனிக்குக் கிளம்பும்போது பூனையை அக்காவுக்கும், தையல் மெஷினை மைத்துனிக்கும், பாம்பை எனக்கும் கொடுத்தாள். செங்கல் நிறத்தில், முதுகில் அடர்ந்த திட்டுகளோடு, என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் தடித்த சோளப் பாம்பு. விஷமில்லை. பெயர் யந்தார். ஏன் எனக்கு என்று கேட்டதற்கு, "உன்னைத் தவிர வேற யாரும் பயப்படாம கிட்ட வரலை" என்றாள். நான் பயப்படாததற்குக் காரணம் தைரியம் இல்லை. அது கண்ணாடிக்குப் பின்னால் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தபோது, என்னிடம் எதையும் கேட்காத ஓர் உயிரைப் பார்ப்பது போலிருந்தது. எனக்கு அது புதிது.

மெய்ராம் அப்போது மேற்கே எண்ணெய் வயலில் இருந்தான். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. பாம்பு வந்த அடுத்த வாரம் அவனுடைய அம்மா வந்து சேர்ந்தார். கர்கராலிப் பக்கத்துக் கிராமத்துக் குளிர் அவர் முழங்காலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. எனவே ஒவ்வொரு குளிர்காலமும் கரகண்டா நகரில் எங்கள் வீட்டில்தான். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"கெலின், இது என்ன?" மருமகளை எங்களில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாமியாரை நான் அபா என்பேன்.

"பாம்பு, அபா."

"பேரைச் சொல்லாதே! என்னன்னு எனக்குத் தெரியுது. இங்க என்ன பண்ணுதுன்னு கேட்டேன்."

"ஒலேஸ்யா குடுத்துட்டுப் போனா. ரொம்பச் சாது."

"உன் மாமனாரும்தான் சாது. அவரைக் கண்ணாடிப் பெட்டியிலயா வச்சிருந்தேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

சில நாள் இருவரும் அந்தப் பெட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். அவர் அதை 'நீளமானவன்' என்றே சொல்வார். பிறகு ஒரு காலையில் யந்தாரின் நிறம் மங்கியது. செங்கல் நிறத்தின் மேல் யாரோ மாவைத் தூவியது போலிருந்தது. மறுநாள் கண்கள் பால்நீலமாகிவிட்டன. உள்ளே பனி படிந்த ஜன்னல் மாதிரி.

அபா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் முறையாகப் பெட்டிக்கு அருகே வந்து குனிந்தார்.

"கண்ணு போச்சு."

"இல்லை அபா, சட்டை உரிக்கப் போகுது. அதுக்கு முன்னாடி இப்படித்தான் ஆகும்."

"குருடாகிப் போச்சுன்னு சொல்றேன். குருட்டு நீளமானவனை வீட்டுல வச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"என்ன ஆகும்?"

"தெரியாது. யாரும் வச்சதில்லை."

அன்றே மெய்ராமுக்கு வீடியோ அழைப்பு போட்டார். அவன் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தான், பின்னால் தட்டுகளின் சத்தம். அம்மாவையும் கேட்டான், என்னையும் கேட்டான். பிறகு இருவருக்கும் நடுவில் ஒரு கோடு போட்டான்.

"தோர்கின், கோவிச்சுக்காதே. மீனு ஞாபகம் இருக்குல்ல? இது ஒழுங்கா சட்டை உரிச்சு, கண்ணு தெளிவா இருந்தா, இருக்கட்டும். அம்மா ஒண்ணும் சொல்லக் கூடாது. உன் கை பட்டு ஏதாவது ஆச்சுன்னா, நான் வந்ததும் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது குடுத்துருவோம். சரியா?"

"சரி" என்றேன். மீனைச் சொல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு வேகமாகச் சரி சொல்லியிருக்க மாட்டேன்.

ஒலேஸ்யாவிடம் கேட்டேன். குரல் பதிவு அனுப்பினாள். பின்னால் அந்நிய ஊரின் ரயில் அறிவிப்பு. "சாப்பாடு போடாதே. தூக்காதே. ஈரம் குடு, இருட்டு குடு. முக்கியமா, நீயா உரிக்காதே. நீ உரிப்பே, எனக்குத் தெரியும். கண்ணு மேல கண்ணாடி மாதிரி ஒரு சவ்வு இருக்கும், அதுவும் சட்டையோட சேர்ந்து வரணும். இழுத்தா அது கண்ணுலயே தங்கிடும். உன் கையைக் கட்டிப் போட்டுக்கோ தோர்கின்."

எங்கள் வீட்டில் ஈரம் கொடுப்பது சுலபமில்லை. வெளியே மைனஸ் முப்பது. உள்ளே வெப்பக் குழாய்கள் கொதிக்கும், அவற்றைத் தணிக்க ஒரு திருகுகூடக் கிடையாது. கம்பளிச் சட்டையைக் கழற்றினால் பொறி பறக்கும். உதடு வெடிக்கும். அந்த வறண்ட காற்றில் பாம்புச் சட்டை துண்டு துண்டாகத்தான் உரியும். குளியல் துண்டுகளை நனைத்துக் குழாய்களின் மேல் போட்டேன். ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை வெட்டி, ஈரப் பாசியை நிரப்பி உள்ளே வைத்தேன். உரசிக்கொள்ள ஒரு பிர்ச் மரப்பட்டை. பெட்டியின் மேல் என் கடையிலிருந்து கொண்டுவந்த அடர்நீலத் திரைத்துணி. யந்தார் டப்பாவுக்குள் போய்ச் சுருண்டுகொண்டது.

அதற்கு மேல் செய்ய எதுவுமில்லை. அங்கேதான் எனக்குக் கஷ்டம் ஆரம்பித்தது.

கடையில் உட்கார்ந்து மடிப்புத் தைக்கும்போது யோசித்தேன். எதையாவது தொட்டு, திருத்தி, நேராக்கிக்கொண்டே இருப்பதை நான் அன்பு என்று நினைத்திருந்தேன். சும்மா இருந்தால் அலட்சியம் என்று. மீன்களுக்கு முன்பும் அப்படித்தான். நோய்வாய்ப்பட்ட என் அம்மாவின் தலையணையை நான் சரிசெய்துகொண்டே இருப்பேன். "விடேன், உறங்கிக்கறேன்" என்று அவள் சொன்னது எனக்கு அப்போது வலித்தது. என் கைகளுக்கு வேலை வேண்டியிருந்தது, அவளுக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. இதைப் புரிந்துகொள்ள ஒரு பாம்பு வர வேண்டியிருக்கிறது என்று நினைத்தபடி விரலில் ஊசியைக் குத்திக்கொண்டேன்.

ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்ததும் பால் வாசனை. அபா சமையலறையில் தேநீர்க் கிண்ணத்தை இரு கைகளாலும் பிடித்தபடி, தேநீரைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளை ஊத்திட்டேன்" என்றார்.

எனக்குப் புரிந்தது. வெள்ளை என்றால் பால். பாம்பு வீட்டுக்குள் வந்தால் எங்களில் யாரும் அடிக்க மாட்டார்கள். தலையில் பால் ஊற்றி, மரியாதையாக வெளியே அனுப்புவார்கள்.

"எங்க அபா அது? வெளிய விட்டுட்டீங்களா?"

"விடலாம்னுதான் பால்கனிக் கதவைத் திறந்தேன். குளிரு மூஞ்சியில அறைஞ்சுது. வெள்ளை ஊத்துன விருந்தாளியை இந்தக் குளிர்ல தள்ளி விடறதா? அப்படிச் செஞ்சா நாம மனுஷங்களா?" கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கதவை மூடிட்டேன். இப்ப என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. வெள்ளை ஊத்துனா அது போகணும். இது போகல. அதான் உக்காந்திருக்கேன்."

ஓடிப் போய்ப் பார்த்தேன். பெட்டியின் மூடி திறந்திருந்தது. பட்டை, தண்ணீர்க் கிண்ணம், மரத்தூள் எல்லாம் வெள்ளை. யந்தார் டப்பாவுக்குள் சுருண்டிருந்தது, தலைமேல் ஒரு துளிப் பாலோடு.

"எந்தப் பாலை ஊத்துனீங்க?"

"நல்ல பால்தான். நீ டீக்கு வாங்கி வச்சிருந்தியே."

கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மரத்தூளை அள்ளிக் குப்பையில் கொட்டினேன். எல்லாவற்றையும் கழுவினேன். புதுப் பாசியை நனைத்து, பழைய டப்பாவின் வாயோடு வாய் வைத்து இன்னொரு டப்பாவை வைத்தேன். அது தானாக நகரட்டும் என்று. தலைமேல் இருந்த அந்தத் துளியைத் துடைக்க என் விரல் இரண்டு முறை போனது. இரண்டு முறையும் திரும்பியது. நான் துடைக்கவில்லை. அது பாசியில் தானே துடைத்துக்கொண்டது.

மறுநாள் காலை யந்தாரின் கண்கள் கருகருவென்று தெளிந்திருந்தன.

"பாத்தியா!" அபா உள்ளங்கைகளைத் தட்டினார். "நேத்து வெள்ளை ஊத்துனேன், இன்னைக்குக் கண்ணு தெளிஞ்சாச்சு."

உரிப்பதற்கு முன் கண் தெளியும் என்று ஒலேஸ்யா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் நியாயம்தான். ஆனால் என் நாக்கில் இருந்தது நியாயம் இல்லை, பொறாமை என்று எனக்கே தெரிந்தது. இவ்வளவு நாள் ஈரத்துண்டு நனைத்தவள் நான், பெயர் அவருக்கா? வாயை மூடிக்கொண்டேன். அவர் முகம் அன்று முழுக்க மலர்ந்திருந்தது. கிராமத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்து, பாதி நகரமே குருடாயிருந்தது போலவும் தானே வந்து குணமாக்கியது போலவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உதட்டோரத்தில் சட்டை பிரிந்தது. ஒரு நகத்தளவு, காகிதம் போல வெளுத்து, மேலுதட்டிலிருந்து தொங்கியது. யந்தார் பட்டையில் முகத்தைத் தேய்த்தது. தொங்கியது மேலும் கொஞ்சம் பிரிந்தது, பிறகு நின்றுவிட்டது.

என் மேசை டிராயரில் நூல் பிடுங்கும் குறடு இருக்கிறது. அதை எடுக்க எழுந்தேன் என்பது டிராயரைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

"மாட்டிக்கிச்சு பாரு" என்றார் அபா. "எடுத்து விடேன். உன் கைக்கு இது எம்மாத்திரம்?"

"எடுக்கக் கூடாது அபா."

"அப்ப நான் எடுக்கிறேன்."

"நீங்களும் எடுக்கக் கூடாது." டிராயரை இடுப்பால் மூடினேன். "வாங்க, பவுர்சாக் பொரிக்க மாவு பிசையலாம்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

பெரிய பாத்திரத்தைப் பெட்டிக்கு முன்னால் தரையில் வைத்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மாவு மணிக்கட்டுவரை ஒட்டியது. அந்தக் கைகளோடு எதையும் தொட முடியாது. அபா என் முகத்தைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"உன் கையைக் கட்ட என் கையையும் சேத்துக் கட்டிட்டியேடி" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

யந்தார் மறுபடி தேய்த்தது. பட்டையின் ஓரத்தில் உதட்டுச் சட்டை சிக்கியது. பிறகு தலை முன்னே வந்தது. பழைய முகம் பின்னால் மடிந்தது. காலுறையைக் கழற்றுவது போல உட்புறம் வெளியாகத் திரும்பிக்கொண்டே போயிற்று. உள்ளேயிருந்து வந்த நிறத்தை என் கடையில் எந்தத் துணியிலும் நான் பார்த்ததில்லை.

நடுவில் ஒருமுறை நின்றது. வெகுநேரம் நின்றது. பாதி உடல் பளபளப்பு, பாதி சாம்பல். என் விரல்கள் மாவுக்குள் தாமாகவே முறுக்கிக்கொண்டன. ஒரு சின்ன இழுப்பு, ஒரே ஒரு இழுப்பு போதும் என்று என்னுள் எப்போதும் பேசுகிற குரல் சொன்னது. அது அக்கறையின் குரலில்தான் பேசியது. அதுதான் அதனுடைய சாமர்த்தியம். நான் மாவைப் பிசைந்தேன்.

"வா... வா... வா யந்தார்" என்று பக்கத்தில் யாரோ கெஞ்சினார்கள். அபாதான்.

யந்தார் நகர்ந்தது. வால்நுனிவரை வந்து, ஒரு உதறு உதறியது. சட்டை பட்டைமேல் கிடந்தது, முழுதாக.

நாங்கள் இருவரும் ஒரே குழாயில் முட்டி மோதிக் கை கழுவினோம். சட்டையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தலைப் பகுதியை மெல்ல விரித்தேன். ஒன்று. அபா என் தோளுக்கு மேலாக மூச்சு விட்டார். இரண்டு. கண் இருந்த இடங்களில் இரண்டு சிறு வட்டங்கள், கிழியாமல், வெங்காயச் சருகு போல மெல்லியவை. வெளியேயிருந்த பனியின் வெளிச்சம் அவற்றின் வழியாக வந்தது.

அப்போது எனக்குள் எழுந்த பெருமையை இன்னும் யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை. வாழ்நாளில் எவ்வளவோ செய்து முடித்திருக்கிறேன். மண்டபங்களுக்கு இரண்டு மாடி உயரத் திரை தைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் பாராட்டு வரும்வரை காத்திருப்பேன். அன்று யாரும் பாராட்டாவிட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது. ஓர் உயிர் தன் வேலையைத் தானே முடிக்கும்வரை நான் பக்கத்தில் இருந்தேன், அதைக் கெடுக்கவில்லை. என் கைகளைப் பார்த்தேன். நகக்கண்ணில் இன்னும் மாவு. அழகாயிருந்தன.

அபா போனைப் பறித்து மெய்ராமை அழைத்தார். "உன் பொண்டாட்டி விரல்கூட வைக்கல! ஒரே துண்டு! கண்ணோட! மீனு மீனுன்னியே, இப்பப் பேசு!"

"சரிம்மா, சரி. இருக்கட்டும். அது உன் பாம்புதான் தோர்கின்" என்று அவன் சிரித்தான்.

"கண்ணு ஏன் தெளிஞ்சுதுன்னு நினைக்கறே? நான் ஊத்துன வெள்ளைதான்!" என்று அவனிடம் தொடர்ந்துகொண்டிருந்தார் அபா. இந்த முறை எனக்குப் பொறாமை வரவில்லை. பெருமை இரண்டு பேருக்குப் போதுமான அளவு இருந்தது.

பிறகு அவர் தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்புறீங்க?"

"வெள்ளை ஊத்துனா போகணும்ல? போக வேண்டியது இதோ இருக்கு." சட்டையை வெள்ளைத் துணியில் சுற்றினார். "அவன் இருக்கட்டும். இது போகட்டும். கீழ வேலியோரமா வச்சிட்டு வர்றேன்."

அதை வைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாசலில் கீழ்வீட்டு வால்யா பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அபா அவளை நிறுத்தினார். துணியைப் பிரித்து, சட்டையை இரு கைகளாலும் நீளமாகத் தூக்கிக் காட்டினார். தலைப் பகுதியைச் சுட்டினார். முதலில் ஒரு கண், பிறகு இன்னொரு கண். அப்புறம் மேலே என் ஜன்னலைச் சுட்டினார். வால்யா பின்வாங்கினாள், பிறகு நெருங்கி வந்து பார்த்தாள். கடைக்குப் போய்க்கொண்டிருந்த இன்னொருத்தியும் நின்றாள்.

வேலிப் பக்கம் அபா போகவே இல்லை. மூக்கு சிவந்து மேலே வந்தபோது துணிச் சுருள் கையிலேயே இருந்தது.

"அபா, வைக்கலையா?"

"குளிரு ஜாஸ்தி கெலின்" என்றார், அதைக் கண்ணாடி அலமாரியில் நல்ல கிண்ணங்களுக்குப் பக்கத்தில் வைத்தபடி. "வசந்தம் வரட்டும், அனுப்பலாம். மாவு புளிச்சுடப் போகுது, எண்ணெயை வை."